ஹெர்ட்மேனியா ரஞ்சனியே

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் கலைச்செல்வி ஊசி குத்தினால் வலி தெரியாது என்று ஊரில் பேர். அன்று காலை வெறும் வயிற்றோடு சர்க்கரை பார்க்க வந்த கலியபெருமாளுக்கு அவள் திரும்பத் திரும்பக் குத்தியும் நரம்பு பிடிபடவில்லை.

"இன்னாம்மா, உன் கையா இது?" என்றார் அவர்.

"கைய ஆட்டாதீங்க," என்றாள். ஆடியது அவள் கைதான்.

பக்கத்து மருந்துக்கடை வீரமணி சற்று முன்னால் நாளிதழை எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தான். மாவட்டச் செய்திப் பக்கத்தில் கலைச்செல்வியின் கணவன் எழிலன் ஒரு கண்ணாடி ஜாடியைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். எழிலன் திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். மன்னார் வளைகுடாவில் இதுவரை யாரும் பிரித்து அறியாத ஒரு கடல் உயிரினத்தை அவன் கண்டுபிடித்திருப்பதாகவும், உடன் படித்த தோழியின் பெயரை அதற்கு வைத்திருப்பதாகவும் செய்தி சொன்னது.

"சார் கலக்கிட்டாருக்கா," என்றான் வீரமணி. "ஆனா இன்னாக்கா பேரு இது? ஹெர்ட்மேனியா ரஞ்சனியே! யாரையோ ஏங்கி ஏங்கிக் கூப்புடுற மாதிரி இல்ல? ரஞ்சனியே... ரஞ்சனியேன்னு!"

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கலைச்செல்வியும் சிரித்தாள். பெண்ணின் பெயரை உயிரினத்துக்கு வைத்தால் லத்தீன் முறைப்படி கடைசியில் ஒரு 'ஏ' ஒட்டிக்கொள்ளும் என்று எழிலன் எப்போதோ சொன்னது அவளுக்குத் தெரியும். வீரமணியிடம் அதைச் சொல்லப் பிடிக்கவில்லை.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஹெர்ட்மேனியா அவள் வீட்டில்தான் இருக்கிறது. செஞ்சியிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் பாறையும் குன்றும்தான். கடல் வேண்டுமென்றால் மரக்காணத்துக்குப் போக வேண்டும். ஆனால் அவர்கள் வீட்டின் இரண்டாவது அறை முழுக்கக் கடல். அலமாரியில் ஜாடி ஜாடியாக ஃபார்மலினில் ஊறிக்கொண்டு, சின்ன உருளைக்கிழங்கு அளவில், தோல் சுருங்கி, மேலே இரண்டு வாய்களோடு. உயிரோடு இருக்கும்போது இளஞ்சிவப்பாக இருக்குமாம். ஒரு வாயால் தண்ணீரை இழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்றுவிட்டு, இன்னொரு வாயால் வெளியே விடுமாம். தொட்டால் பீச்சியடிக்குமாம். குஞ்சாக இருக்கும்போது சில மணி நேரம் வாலை ஆட்டி நீந்தித் திரியும். பிறகு கடலடி மணலிலோ பாறையிலோ ஒட்டிக்கொண்டால் சாகும்வரை அந்த இடம்தான். சில மட்டும் உயிருள்ள சங்கின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். சங்கு ஊர்ந்து போகும் இடமெல்லாம் அதுவும் போகும்.

அப்படிச் சங்கின் முதுகில் வாழ்கிற ஒன்றைத்தான் எழிலன் தனி இனம் என்று நிரூபிக்க வருடக்கணக்காக உழைத்தான். லீவு விட்டால் கீழக்கரை. அங்கே சங்கு குளிப்பவர்கள் கரைக்கு வரும் நேரம் பார்த்துக் காத்துக் கிடப்பான். கலைச்செல்வியும் சும்மா இருக்கவில்லை. அதன் தோலுக்குள் சுண்ணாம்பு முட்கள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவில். அந்த முட்களைப் பிரித்துக் கண்ணாடித் துண்டில் ஏற்றி, தன் மைக்ராஸ்கோப்பில் வைத்து அளந்து சொன்னவள் அவள்தான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் அப்படிப் போயின.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் எழிலன், "பேரு வெச்சாச்சு கலை. கட்டுரை அச்சுல வரட்டும், பாரு," என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அவள் ஓர் அர்த்தம் எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் ஆளில்லாத நேரத்தில் பழைய ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் 'கலைச்செல்வியே' என்று எழுதிப் பார்த்து, உடனே சுக்கல் சுக்கலாகக் கிழித்துப் போட்டாள்.

சாயங்காலம் எழிலன் கால் கிலோ பாதுஷாவோடு வந்தான்.

"ரஞ்சனி யாரு?" என்று கேட்டாள் கலைச்செல்வி.

"எங்கூட படிச்ச பொண்ணு."

"இத்தினி வருசத்துல ஒரு வாட்டி கூட சொல்லலியே."

"சொன்னா நீ டென்சன் ஆவன்னு..."

சொல்லியிருக்கவே கூடாத பதில் அது. அவளுக்குக் காது மடல் சுட்டது.

"இப்ப எங்க இருக்கறாங்க?"

"அவலூர்பேட்டையில. மாட்டுத் தீவனக் கடை வெச்சிருக்கா."

"பாத்தீங்களா?"

"பாத்து ரொம்ப வருசம் ஆவுது."

"பாக்காமயே கடை எப்டித் தெரியும்?"

எழிலன் பாதுஷாப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டே, "பஸ்ஸுல போவச்சொல்ல போர்டு கண்ணுல பட்டுது," என்றான்.

அவலூர்பேட்டை வழியாக அவனுக்கு என்ன வேலை என்று அவள் யோசித்தாள். ஒரு வேலையும் தோன்றவில்லை. பாதுஷாவை யாரும் தொடவில்லை. மறுநாள் எறும்பு மொய்த்தது.

அடுத்த சில நாட்கள் அவள் அவனுக்குச் சோறு போட்டாள், சட்டையைத் தேய்த்து வைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. மனசுக்குள் மட்டும் ஓயாமல் ரஞ்சனி வந்துகொண்டிருந்தாள். ஒல்லியாக, நீளப் பின்னலோடு, கடற்கரையில் முழங்கால் வரை பாவாடையைத் தூக்கிக்கொண்டு நடப்பவளாக. எழிலன் கீழக்கரை போன ஒவ்வொரு முறையும் அவளை நினைத்துக்கொண்டுதான் அந்த மணலில் உட்கார்ந்திருந்தானா? ஜாடியைத் துடைக்கும்போதெல்லாம் யாரைத் துடைத்தான்? ஒருநாள் காய்ச்சலோடு வந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு ரஞ்சனி என்று பேர். ரத்தக் குப்பியின் லேபிளில் அந்தப் பெயரை எழுதும்போது பேனா அழுந்தித் தாள் கிழிந்துவிட்டது. குழந்தை பயந்துபோய் அவளைப் பார்த்தது. கலைச்செல்விக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாளே நிலையத்தைப் பூட்டிவிட்டு அவலூர்பேட்டை பஸ் ஏறினாள். அரக்கு நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள்; தங்கைக்கு நிச்சயதார்த்தம் ஆனபோது கட்டியது. வளத்தி ஸ்டாப் தாண்டும்போது இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒருமுறை எழுந்தாள். கண்டக்டர், "இன்னும் வரலம்மா, குந்து," என்றார். உட்கார்ந்தாள்.

தீவனக் கடை கடைத்தெருவிலேயே இருந்தது. உள்ளே தவிட்டு மூட்டைகளுக்கும் கடலைப் புண்ணாக்கு மூட்டைகளுக்கும் நடுவே, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாட்டசாட்டமான ஒரு பெண் ஒரு கிழவரிடம் பேசிக்கொண்டிருந்தாள். புருவத்திலெல்லாம் தவிடு. "பால் கொறஞ்சா உடனே தீவனத்த மாத்தாத தாத்தா. மொதல்ல மடியத் தொட்டுப் பாரு, சூடா இருக்குதான்னு." குரல் கணீரென்று இருந்தது. அந்தக் குரலைக் கலைச்செல்வி எதிர்பார்த்திருக்கவில்லை. கற்பனையில் வந்த ஒல்லிப் பெண்ணை விட இவள் மேல் அவளுக்குப் பயம் அதிகமாக வந்தது.

கல்லாவுக்குப் பின்னால் சுவரில் அந்த நாளிதழ்ப் பக்கம் ஒட்டியிருந்தது. கல்லாவில் இருந்தவர் அவள் பார்வையைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுல அவங்க பேரும்மா அது. கடல்ல ஒரு ஜீவனுக்கு வெச்சிருக்கறாங்க," என்றார் பெருமையாக. ரஞ்சனியின் கணவர் தேவேந்திரன். கடைக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்த வாய். அவர் முகத்தில் துளி சந்தேகம் இல்லாததைப் பார்த்துக் கலைச்செல்விக்கு எரிச்சலாக வந்தது.

"நான் எழிலன் வீட்டுக்காரி," என்றாள்.

ரஞ்சனி திரும்பினாள். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வா," என்றாள். சிரிக்கவில்லை. "ஏங்க, டீ சொல்லுங்க." தேவேந்திரன் எழுந்து போனார்.

இரண்டு மூட்டைகளின் மேல் எதிரெதிராக உட்கார்ந்தார்கள்.

"எதுக்கு வந்தன்னு தெரியுது," என்றாள் ரஞ்சனி. "நீ நெனைக்கிற மாதிரி ஒண்ணும் கெடையாது. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல."

"நான் ஒண்ணும் நெனைக்கல மேடம்."

"பட்டுப் பொடவையில தீவனம் வாங்க வந்தியா?"

கலைச்செல்விக்கு முகம் சிவந்தது.

"உம் புருசன் மேல எனக்கும் கோவம்தான்," என்றாள் ரஞ்சனி. பிறகு நடந்ததைச் சொன்னாள். எம்.எஸ்சி. படிக்கும்போது கீழக்கரைக்குக் கூட்டிப் போனார்கள். எல்லாரும் சங்கை எடுத்துப் பார்த்தபோது, அவள் சங்கின் முதுகில் ஒட்டியிருந்ததை எடுத்துப் பார்த்தாள். அறுத்தபோது உள்ளே முட்டைப் பை புத்தகத்தில் போட்டிருக்கும் மாதிரி இல்லை. வழிகாட்டிப் பேராசிரியர், நீ அறுத்தது சரியில்லை என்றார். அவள் விடவில்லை. இரண்டு மாதம் அங்கேயே ஒரு வீட்டில் தங்கி, கிடைத்ததையெல்லாம் அறுத்தாள். எல்லாவற்றிலும் அப்படியேதான் இருந்தது. அதற்குள் வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். ஜாடிகளையெல்லாம் எழிலனிடம் கொடுத்து, பத்திரமாக வைத்திரு, வந்து முடிக்கிறேன் என்றாள்.

"வரல. புள்ள பொறந்துச்சு, மாமனார் படுத்துட்டாரு, கடைய நான் பாக்க வேண்டியதாப் போச்சு. அவன் விடாம செஞ்சான், அத நான் இல்லன்னு சொல்லல. போன வருசம் போன் பண்ணான்."

போன் என்றதும் கலைச்செல்வி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்றானே தவிர, பேசவில்லை என்று அவன் சொல்லவில்லை.

"ரஞ்சனி, உம் பேர அதுக்கு வெக்கிறேன்னான். பேரு வேணாம்டா, கண்டுபுடிச்சவங்கன்னு உம் பேருகூட எம் பேரையும் போடுன்னு சொன்னேன். அதுக்கு அவன், கட்டுரை எழுதுறவங்க தம் பேரையே வெச்சிக்கிறது வழக்கமில்ல, ஏதாவது ஒண்ணுதான்னான். அப்ப எழுதுனவங்கள்ல போடுன்னேன். சரி சரின்னான். கடைசில பாத்தா எம் பேரத் தூக்கி அதும் தலையில ஒட்டிட்டான். கண்டுபுடிச்சது அவன் மட்டும்தான்னு ஆயிடுச்சு. இவரு பேப்பர வெட்டி ஒட்டி வெச்சிருக்காரு. கிழிக்கவும் மனசு வரல."

டீ வந்தது. தேவேந்திரன் கல்லாவுக்குப் போய்விட்டார்.

கலைச்செல்வி டீயை ஊதினாள். இந்தப் பெண்ணின் மேல் கோபப்படத்தான் அவள் வந்திருந்தாள்.

"எனக்கு உம்மேல கூட வயித்தெரிச்சல்தான்," என்றாள் ரஞ்சனி திடீரென்று. "கட்டுரைய போன்ல எறக்கிப் படிச்சேன். கடைசியில நன்றி சொல்ற எடத்துல, முட்களை அளந்து தந்த என் மனைவிக்குன்னு போட்டிருக்கான். அந்த முள்ள நான் பாத்ததே இல்ல. எங்க காலேஜு மைக்ராஸ்கோப்புல வெறும் கோடாத்தான் தெரிஞ்சுது. நீ பாத்தியா? எப்டி இருந்துது?"

கலைச்செல்வி அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. 'என் மனைவி' என்று மட்டுமா இருக்கிறது, பேர் இல்லையா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஊசி மாதிரி நீளமா இருக்கும்," என்றாள். "ஊசி மேல வளையம் வளையமா, ஒவ்வொரு வளையத்துலயும் சின்னச் சின்ன முள்ளு. சோளக் கதிர்ல மணி அடுக்குன மாதிரி. மத்ததுல வளையம் நெருக்கமா இருக்கும். இதுல தள்ளித் தள்ளி இருக்கும். அத மொதல்ல பாத்தது நான்தான். நீங்க தப்பா பாக்குறீங்கன்னு அவர்கிட்ட சண்ட போட்டேன்."

ரஞ்சனி டீயைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணைச் சுருக்கி, எதிரில் அந்த முள் இருப்பதுபோலப் பார்த்தாள். "தள்ளித் தள்ளி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்தபோது கலைச்செல்விக்குப் புதிதாக ஒரு பொறாமை வந்தது. வருடக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் செய்தது கணவனுக்காகச் செய்த வேலை. இவளுக்கு அந்த முள்ளே போதுமானதாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. எழிலன் செய்தது அநியாயம். அதைச் சரி செய்ய ஒரே வழி, கண்டுபிடித்தவர்கள் எழிலன், ரஞ்சனி என்று போடுவது. இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில், உலகத்தில் அந்த உயிரினத்தைப் பற்றி யார் எழுதினாலும். கல்யாணப் பத்திரிகையில் போடுவது போல. அதை நினைத்ததும் எழிலனிடம் சொல்ல வேண்டாம் என்று தோன்றியது. யார் கேட்கப் போகிறார்கள்?

இரண்டு வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் எழிலன் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "கலை, இது வேற எனமா இருக்கும்னு நெனைக்கிறேன். இதுக்கு உம் பேருதான்," என்றான்.

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு நொடி கையைக்கூட நீட்டிவிட்டாள். அப்புறம்தான் சுருக்கென்றது.

"ஒருத்தர் வாய அடைக்கணும்னா பேரு வெப்பீங்களா?" என்றாள். "அவலூர்பேட்டைக்குப் போயிருந்தேன்."

எழிலன் ஜாடியை மேசை மேல் வைத்தான்.

"அவ ரெண்டு மாசம் செஞ்சா," என்றான். "நான் இத்தினி வருசம் செஞ்சேன். கட்டுரைய எத்தினி வாட்டி திருப்பி அனுப்புனாங்க தெரியுமா உனக்கு?"

"தெரியும். நானுந்தான கூட இருந்தேன்."

"கிளாசுல எப்பவும் அவதான். நாங்கல்லாம் மணிக்கணக்கா பாத்துட்டுக் குந்தியிருப்போம், அவ வந்து ஒரு நிமிசத்துல சொல்லிடுவா. அவ பேரு கூட போட்டா, அவ கண்டுபுடிச்சா, எழிலன் எழுதிக் கொடுத்தான்னுதான் சொல்லுவாங்க." அவன் ஜாடியின் மூடியை இறுக்கினான். "புண்ணாக்கு விக்கறா. இன்னும் அவகிட்ட தோக்கணுமா நானு?"

கலைச்செல்வி அவனைப் பார்த்தாள். ரஞ்சனியை நினைத்து அவன் ஏங்குகிறான் என்று நினைத்து அவள் வெந்துகொண்டிருந்தாள். அவனும் ரஞ்சனியை நினைத்து வெந்துகொண்டுதான் இருந்திருக்கிறான்.

"அவங்க பேரப் போடுங்க," என்றாள். "எனக்கும் புடிக்கல. ஆனா போடுங்க. அப்டியே என் பேரையும் என் மனைவின்னு போடாம கலைச்செல்வின்னு போடுங்க."

அவன் ஒத்துக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது. அதற்குள் இரண்டு முறை சண்டை வந்தது. ஒருமுறை அவன் சாப்பிடாமல் கல்லூரிக்குப் போனான். கடைசியில் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு எழுதி அனுப்பினான். அவர்கள் விளக்கம் கேட்டார்கள், அதற்கும் எழுதினான். பேர் வைக்கப்பட்டவரே கண்டுபிடித்தவராகவும் இருப்பது வழக்கமில்லை, ஆனால் தப்பும் இல்லை என்று பதில் வந்தது. கார்த்திகை மாதம் திருத்தம் வெளியானது. எழிலன் போனில் காட்டினான். ரஞ்சனி, எழிலன். ரஞ்சனி பெயரை முன்னால் போட்டிருந்தான். கீழே கலைச்செல்வி என்று தனியாக ஒரு வரி இருந்தது. அவள் தன் வரியை ஒருமுறை பார்த்தாள். மேலே இருந்த வரியைப் பலமுறை பார்த்தாள்.

"ரஞ்சனிக்குச் சொல்லிடுறேன்," என்று அவன் போனை எடுத்தான்.

"குடுங்க, நான் சொல்றேன்," என்று பிடுங்கிக்கொண்டாள்.

மறுமுனையில் ரஞ்சனி மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "தை பொறந்ததும் கீழக்கரைக்குப் போலாம்னு இருக்கேன். நீ உயிரோட பாத்தது இல்லல்ல? நீயும் வா," என்றாள். "அவன் வேணாம்."

"வரேன்க்கா," என்றாள் கலைச்செல்வி. அக்கா என்று அதுவாக வந்துவிட்டது.

எழிலனிடம் சொன்னபோது, "நீங்க ரெண்டு பேருமா? நான் இல்லாமயா?" என்றான். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

கீழக்கரையில் காற்று பலமாக இருந்தது. மத்தியானம் படகுகள் கரைக்கு வந்தன. சங்கு குளித்து வந்தவர்கள் வலைப்பைகளை மணலில் கொட்டினார்கள். ரஞ்சனி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சங்குகளுக்கு நடுவே குந்தி, ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு சங்கைப் புரட்டியதும் அவள் கை நின்றது. அதன் முதுகில் இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஒரு கட்டி. கடல்தண்ணீர் மொண்டு வைத்திருந்த வாளிக்குள் அதைச் சங்கோடு இறக்கினாள்.

இருவரும் வாளியின் இரு பக்கமும் மண்டியிட்டுக் காத்திருந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு வாய்களும் மெல்லத் திறந்தன. ஓரமெல்லாம் சிவப்பு. ஜாடிகளில் கலைச்செல்வி பார்த்த எதிலும் அந்த நிறம் இருந்ததில்லை. விரலை விட்டு லேசாகத் தொட்டாள். சட்டென்று சுருங்கி, அவள் முகத்தில் தண்ணீரைப் பீச்சியது. உப்பு கண்ணில் கரித்தது.

"அடிச்சிட்டான் பாரு!" என்று ரஞ்சனி கைதட்டிச் சிரித்தாள்.

கலைச்செல்வியின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எழிலன். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ.

"எடு, பாவம்," என்றாள் ரஞ்சனி, வாளியை விட்டுக் கண்ணை எடுக்காமல். குனிந்து, அதனிடம் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், வெகுநாள் பழகிய ஒருத்தியிடம் பேசுவதைப் போல.

"அப்புறம் எடுக்கலாம்," என்றாள் கலைச்செல்வி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாளியின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள்.